ஸ்டேஷன் எடுக்கலையா? மீடியம் வேவ், எஃப்எம், பேச்சு ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ரேடியோ ரிப்பேர் என் தொழில் இல்லை, பைத்தியம் மட்டும்தான். ஆனாலும் தெருவில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம்ம வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரேடியோவில் பாட்டு இரண்டாம்பட்சம். பாட்டு இன்றைக்கு எங்கே திரும்பினாலும் கிடைக்கிறது. செய்தி, விவசாயப் பேச்சு, மீனவர்களுக்கான வானிலை, டாக்டரிடம் போனில் கேட்கிற நிகழ்ச்சி, இந்த மாதிரி ஆள் பேசுவதைக் கேட்கத்தான் ரேடியோ போடுகிறேன். அந்தப் பேச்சில் பெரும்பங்கு நம் ஊரில் இன்னும் மீடியம் வேவில்தான் (செட்டில் எம்டபிள்யூ அல்லது ஏஎம் என்று போட்டிருக்குமே, அதில்தான்) இருக்கிறது. அதனால் கீழே பாதிக்கு மேல் மீடியம் வேவ் கதைதான்.

எங்கள் வீட்டில் திருச்சி 936 எடுப்பதே இல்லை. ஸ்டேஷனை மூடிவிட்டார்களா?

பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். மூடவில்லை. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது, இன்றும் 936 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட் ஒலிபரப்பியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 100 கிலோவாட் என்பது சின்ன விஷயம் இல்லை. திருச்சியிலிருந்து சாலை வழியாக நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊருக்கெல்லாம் அது பட்டப்பகலில் தாராளமாக வந்து சேரும். வந்தும் சேர்கிறது. உங்கள் வீட்டுக்குள் அதைவிடப் பலமாக இன்னொன்று கத்திக்கொண்டிருக்கிறது, அதுதான் பிரச்சினை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. ரேடியோவில் பேட்டரி செல்லைப் போடுங்கள். 936-இல் வைத்து, கரகரப்போடேயே ஓடவிடுங்கள். அப்புறம் வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். கரகரப்பு சட்டென்று நின்று செய்தி வாசிக்கிறவர் குரல் தெளிவாக வந்தால், குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார். மெயினை மறுபடி போட்டுவிட்டு ஒவ்வொரு சாமானாக அணைத்துக்கொண்டே வாருங்கள், யார் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் மலிவான எல்இடி பல்புதான். இல்லையென்றால் மொபைல் சார்ஜர், டிவி, செட்டாப் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர். இவை எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட் ஒன்று இருக்கிறது. அந்த வெட்டுகளின் மடங்குகள் அப்படியே 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது மீடியம் வேவ் முழுக்கவும் பரவிவிடும். உள்ளே ஃபில்டர் வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஃபில்டருக்குக் கொஞ்சம் காசு ஆகும் என்பதால் மலிவுப் பொருளில் வைப்பதில்லை. குண்டு பல்பு காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. அப்போது எடுத்த ஸ்டேஷன் இப்போது எடுக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வது கற்பனை இல்லை, நிஜம்தான்.

எங்கள் வீட்டில் ஒரு மாதம் தேடினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல இரைச்சல் வரும், காலையில் போய்விடும். எல்லா பல்பையும் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் எரிகிற ஐம்பது ரூபாய் பல்பு என்று தெரிந்தது. நானே ஒரு நல்ல பல்பு வாங்கிக்கொண்டு போய் "மாமா, இதைப் போட்டுக்குங்க" என்று மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இன்றைக்கும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

இரைச்சல் தெரு முழுக்க இருந்தால், அதுவும் மழை பெய்து நனைந்ததும் குறைகிறது அல்லது கூடுகிறது என்றால், மின்கம்பத்தில் விரிசல் விட்ட இன்சுலேட்டரோ தளர்ந்த இணைப்போ காரணமாக இருக்கலாம். எந்தக் கம்பம் என்று கையில் ரேடியோவோடு நடந்து கண்டுபிடித்து லைன்மேனிடம் சொல்லுங்கள். நீங்களே கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

ரேடியோவைத் திருப்பி வைத்தால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. செட்டில் கோளாறா?

கோளாறு இல்லை, அதுதான் சரியான வேலை. மேலே நீட்டுகிற கம்பி ஏரியல் எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும் மட்டும்தான். மீடியம் வேவுக்கான ஏரியல் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது: செம்புக்கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் குச்சி. இது தெரியாமல் கம்பியை முழுசாக இழுத்து, அதன் நுனியில் இன்னொரு கம்பியைக் கட்டி, அதை ஜன்னலில் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீடியம் வேவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குச்சியின் பக்கவாட்டு ஸ்டேஷனைப் பார்த்திருந்தால் நன்றாக எடுக்கும். குச்சியின் முனை ஸ்டேஷனைப் பார்த்தால் ஏறக்குறைய செத்துவிடும். நீளவாட்டுப் பெட்டிகளில் குச்சி பெரும்பாலும் பெட்டியின் நீளத்துக்கே படுத்திருக்கும். பட்டுக்கோட்டைக்குத் திருச்சி வடமேற்கில் இருக்கிறது. அதனால் பெட்டியின் முகமோ முதுகோ வடமேற்கைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். உங்கள் ஊருக்கு எந்தத் திசை என்று மேப்பில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். இரைச்சல் ஒரே திசையிலிருந்து வந்தால் குச்சியின் முனையை அந்தப் பக்கம் காட்டுங்கள். ஸ்டேஷன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். பேச்சு கேட்க அதுதான் முக்கியம்.

அப்புறம், ரேடியோவை பீரோ மேலும் ஃபிரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள். தகரக் கொட்டகைக்குள்ளும் கம்பி நிறையப் போட்ட கான்கிரீட் வீட்டின் நடு அறையிலும் சிக்னல் பாதிகூட வராது. ஜன்னல் ஓரம் நல்லது. திண்ணை அதைவிட நல்லது.

புது டிஜிட்டல் செட்டில் 930 வருகிறது, 940 வருகிறது, 936 வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அமெரிக்காவில் இருக்கிற மகனோ மருமகளோ வாங்கி அனுப்பிய செட்டாக இருக்கும். அங்கே மீடியம் வேவ் நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இங்கே, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும், 9. செட்டில் எங்காவது 9/10 என்று ஒரு தேர்வு இருக்கும். சிலதில் பின்பக்கம் சின்ன சுவிட்ச், சிலதில் அணைத்து வைத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை நீளமாக அழுத்த வேண்டும். 9-க்கு மாற்றுங்கள், 936 வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஸ்டேஷன் எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். சென்னை 720: ஏழும் இரண்டும் ஒன்பது. திருச்சி 936: பதினெட்டு. கோவை 999: இருபத்தேழு. திருநெல்வேலி 1197, மதுரை 1269: இரண்டுமே பதினெட்டு. தூத்துக்குடி 1053, புதுச்சேரி 1215: இரண்டுமே ஒன்பது. எல்லாம் ஒன்பதின் மடங்கு, அதனால் கூட்டுத்தொகையும் அப்படித்தான் வரும். யாராவது ஒரு எண்ணைச் சொல்லி மீடியம் வேவ் என்றால் இப்படிக் கூட்டிப் பார்த்தே சரியா தப்பா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம், 720 பத்தின் மடங்கும்கூட. அதனால் அமெரிக்க செட்டிலும் அது எடுத்துவிடும். திருச்சிக்காரன்தான் மாட்டிக்கொள்கிறான்.

முள் நகர்கிற பழைய செட்டுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

பகலில் கேட்காத ஊரெல்லாம் ராத்திரியில் கேட்கிறதே, எப்படி?

பகலில் மீடியம் வேவ் அலை தரையை ஒட்டியே ஊர்ந்து வருகிறது. மேல்நோக்கிப் போகிற பங்கை வானத்தில் அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு அடுக்கு விழுங்கிவிடுகிறது. அந்த அடுக்கு உண்டாவதே சூரிய வெளிச்சத்தால்தான், பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். அப்போது அலை இன்னும் மேலே போய், நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிற வேறு அடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குகிறது. ஏழு மணிக்கு மேல் முள்ளை மெல்ல நகர்த்தினால் பெங்களூர் 612, திருவனந்தபுரம் 1161, இலங்கை புத்தளத்திலிருந்து வருகிற 882-இன் கிறிஸ்தவ ஒலிபரப்பு என்று வரிசையாக வரும். சின்ன வயதில் எனக்கு மலையாளம் ஓரளவு புரிய ஆரம்பித்தது இப்படித்தான்.

ஆனால் இது நிலையாக இருக்காது. அலை எழும்பும், அமுங்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். அதைவிட மோசம், உங்கள் சொந்த ஸ்டேஷனே ராத்திரியில் கெடலாம். ஒரே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ இருக்கிற தூரத்து நிலையமும் வந்து சேர்ந்துகொள்வதால், அடியில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் முனகும். அப்போதும் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதுதான் மருந்து.

கோடை இடி மழையிலும் ஐப்பசி மழையிலும் மீடியம் வேவில் 'படார் படார்' என்று வெட்டுவது மின்னல். எங்கோ தூரத்தில் வெட்டினாலும் கேட்கும். அதற்கு மருந்து கிடையாது.

பகலில் எவ்வளவு தூரம் வரும்? கடலோரத்தில் நன்றாகக் கேட்கிறது என்கிறார்களே?

சக்தி மட்டும் கணக்கு இல்லை, தரையும் கணக்கு. ஈரமான களிமண் பூமி அலையை நன்றாகக் கடத்தும். காய்ந்த பாறைப் பூமி தின்றுவிடும். கடல் உப்புத்தண்ணீர் எல்லாவற்றையும்விட மேல். டெல்டாவில் 936 இவ்வளவு சுகமாக எடுப்பதற்கு எங்கள் வண்டல் மண்ணும் ஒரு காரணம்.

தூத்துக்குடியில் 1053-க்கு 200 கிலோவாட் ஒலிபரப்பியைக் கடலோரத்தில் வைத்திருக்கிறார்கள், இலங்கைக்கான ஒலிபரப்பும் அதில் போகிறது. மன்னார் வளைகுடாத் தண்ணீர் மேல் அலை வழுக்கிக்கொண்டு போய்விடும், மலை கிடையாது, மரம் கிடையாது. படகில் செட் வைத்திருக்கிற மீனவர்களைக் கேட்டுப்பாருங்கள், கரையைவிடக் கடலில்தான் தெளிவு என்பார்கள். எல்இடி பல்பும் சார்ஜரும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்எம்மில் இரைச்சலே இல்லையே. எல்லாவற்றையும் எஃப்எம்முக்கு மாற்றிவிட்டால் என்ன?

இரைச்சல் இல்லைதான். பல்பும் மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கும். எஃப்எம் செய்தியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றி அனுப்புவதால் உயரத்தில் விழுகிற அழுக்கை செட் வெட்டி எறிந்துவிடுகிறது. இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணில் வந்தாலும் பலமானது மட்டும் கேட்கும், மற்றது வாயைத் திறக்க முடியாது. மீடியம் வேவில் இரண்டும் சேர்ந்து கத்தும்.

ஆனால் எஃப்எம் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும்தான், அதைவிடக் கொஞ்சம் கூட. கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டரில் அடிவானம் என்று வரும். நூறு மீட்டர் கோபுரம் என்றால் நாற்பத்தொரு கிலோமீட்டர். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஒலிபரப்பியின் சக்தியைக் கூட்டினாலும் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது.

அதனால்தான் கொடைக்கானல் 100.5 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு பேர் வாங்கியது. அது 10 கிலோவாட்தான், திருச்சி மீடியம் வேவில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அடிவானம் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வருகிறது. திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் மலைக்கு நேர் பின்னால், அடிவாரத்துப் பள்ளத்தில் இருக்கிற ஊரில் எடுக்காது. மலைமேல் நிலையம் இருந்தும் மலையடியில் கேட்கவில்லை என்று நொந்துகொள்வார்கள். மறைப்பதே அந்த மலைதான்.

எஃப்எம் திணறினால் செட்டை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். அங்கே அலையின் நீளம் மூன்று மீட்டர்தான், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை ஒரு இடத்தில் கூட்டும், முக்கால் மீட்டர் தள்ளிக் கழிக்கும். செட்டில் ஸ்டீரியோ, மோனோ பொத்தான் இருந்தால் மோனோவில் வையுங்கள், 'ஸ்ஸ்' என்ற சத்தம் உடனே பாதியாகும். பேச்சுக்கு ஸ்டீரியோ எதற்கு?

சில நாட்களில் கடலோரத்தில் இலங்கை எஃப்எம் எல்லாம் உள்ளூர் மாதிரிக் கேட்கிறதே, மேலே சொன்ன கணக்கு பொய்யா?

கணக்கு பொய் இல்லை, காற்றின் வேலை. கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் சூடான காய்ந்த காற்றும் படிந்துவிட்டால் அவற்றுக்கு நடுவே எஃப்எம் அலை குழாய்க்குள் போகிற மாதிரி மாட்டிக்கொண்டு வளைந்து நெடுந்தூரம் போகும். வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கம் வெயில் காலத்து இரவுகளிலும் விடியற்காலையிலும் இது சகஜம். சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம் என்று இலங்கைத் தமிழ் நிலையங்கள் வந்து உட்கார்ந்துவிடும், வெயில் ஏறினதும் போய்விடும்.

தனுஷ்கோடியில் நிற்கிறீர்கள் என்றால் காற்றின் தயவுகூட வேண்டாம். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

தனியார் எஃப்எம்களில் ஏன் எப்போதும் பாட்டு? அரசியல், ஊர்ப் பிரச்சினை எல்லாம் பேசுகிற ஒரு ரேடியோ ஏன் இல்லை?

அவர்களுக்குப் பேச வாய் இல்லாமல் இல்லை. அனுமதி இல்லை. இந்தியாவில் தனியார் எஃப்எம் தன் சொந்தச் செய்தியைத் தயாரித்து வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, கரண்ட் எப்போது வரும், தண்ணீர் எப்போது வரும், பேரிடர் எச்சரிக்கை, விளையாட்டுத் தகவல் ஆகியவற்றைச் 'செய்தி இல்லை' என்று கணக்குப் பண்ணி விட்டிருக்கிறார்கள். ஆர்ஜேக்கள் காலையில் டிராஃபிக்கைப் பற்றி அவ்வளவு உருகுவதற்குக் காரணம் புரிகிறதா?

காற்றலை பொதுச்சொத்து, அரசின் தனிச்சொத்து இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. டிவியில் இருபத்து நாலு மணி நேரமும் கத்துகிறார்கள், மொபைலில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசுகிறார்கள், ரேடியோவில் மட்டும் உள்ளூர் நகராட்சியைப் பற்றி ஒரு வரி செய்தி வாசிக்கக்கூடாது. இது அபத்தம் என்பது என் கருத்து.

அதனால் பேச்சு வேண்டுமென்றால் அரசு வானொலிதான். அதை 'அது என்ன, பழம்பஞ்சாங்கம்' என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு கதை. 1960-களில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 என்ற நெல் ரகம் வந்தபோது, அதை எப்படி நட வேண்டும், எப்போது உரம் வைக்க வேண்டும் என்று திருச்சி வானொலி ஓயாமல் பேசியது. தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் அதைக் கேட்டுத்தான் நட்டார்கள். கடைசியில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்தது. சென்னையிலிருந்து தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில் அந்தச் சில நிமிடங்களுக்காகவே ரேடியோ போட்டவர்கள் எத்தனை பேர்! பாட்டு இல்லை, இசை இல்லை, ஒரு ஆள் சிரிக்காமல் பேசுவார், கேட்கிறவன் சிரிப்பான்.

உள்ளூருக்கு என்றே ஒரு நிலையம் வைக்கிற யோசனைகூட நம் பக்கம்தான் முதலில் வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் தொடங்கியது.

90.4 என்று ஒன்று வருகிறது, பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் போனால் காணாமல் போகிறது. அது என்ன?

சமுதாய வானொலி. கல்லூரியோ தொண்டு நிறுவனமோ நடத்துகிற சின்ன நிலையம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 தான் 2004 பிப்ரவரியில் நாட்டிலேயே முதலாவதாக வந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் 90.4 தான். காற்று, அலை, வலை, வியாபாரம் என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள்.

சக்திக்கு மேல்வரம்பு 100 வாட், கோபுர உயரத்துக்கு 30 மீட்டர். நூறு வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பு. அதனால் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர்தான் தாராளமாகப் போகும், அதற்கு மேல் அதிர்ஷ்டம். அதுவே நோக்கமும்கூட, ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்து எடுக்கவில்லை என்றால் மாடிக்குப் போங்கள். தரையிலிருந்து மாடிக்குப் போவதே பாதி சிக்கலைத் தீர்த்துவிடும்.

மொபைலில் கேட்கக்கூடாதா? ஆப் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

தாராளமாகக் கேளுங்கள். பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் நிறைய நிலையங்கள் வருகின்றன, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் வழி. ஆனால் அது ரேடியோ இல்லை, இன்டர்நெட். டேட்டா தீரும், நேரலையைவிடப் பின்தங்கியும் வரும். ஆப்பில் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைச் சரிபண்ணாதீர்கள்.

மொபைலுக்குள்ளேயே நிஜ எஃப்எம் இருக்கிற செட்டுகளும் உண்டு. அதற்கு வயர் இருக்கிற இயர்போனைச் செருக வேண்டும், அந்த வயர்தான் ஏரியல். புளூடூத் இயர்போனைப் போட்டுக்கொண்டு எஃப்எம் எடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். இருக்கிற எஃப்எம்மை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு மொபைல் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஐபோனில் கிடையாது. மீடியம் வேவ் எந்த மொபைலிலும் வராது. 936-இன் அலைநீளம் 320 மீட்டர், அதற்கான ஃபெரைட் குச்சியை அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கே வைப்பது?

காரில் ஏஎம் இல்லையே?

புதிதாக வருகிற பல கார்களில் எடுத்துவிட்டார்கள். மின்சாரக் காரில் மோட்டாரை ஓட்டுகிற சர்க்யூட்டே ஒரு ராட்சச எல்இடி பல்பு மாதிரி இரைச்சல் போடும், அதை அடக்கச் செலவு ஆகும் என்று சில கம்பெனிகள் ஏஎம்மையே தூக்கிவிட்டன. மாறாக, இங்கே விற்கிற சில கார்களில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் வானொலி இருக்கிறது. அகில இந்திய வானொலி சில மீடியம் வேவ் ஒலிபரப்பிகளில் இதையும் அனுப்புகிறது. அந்தக் காரில் அது எஃப்எம் மாதிரிச் சுத்தமாகக் கேட்கும். சாதாரண செட்டிலோ அது வெறும் 'உஸ்ஸ்' தான், சல்லடையில் மணல் கொட்டுகிற மாதிரி. முள்ளை நகர்த்தும்போது நடுவில் அப்படி ஒரு சத்தம் அசையாமல் இருந்தால் செட் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இன்றைய காலத்தில் மீடியம் வேவ் ரேடியோ ஒரு அவசியமா?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் தரையில், கரண்ட் கம்பம் எல்லாம் தரையில், மொபைலில் ஒரு கோடு சிக்னல் இல்லை. எங்கள் பக்கம் பத்து நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. பக்கத்து ஊரில் என்ன ஆயிற்று என்று தெரியாது, பால் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. இரண்டு செல் போட்ட செட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தேன். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருச்சி, காதுக்குள் பேசுகிற மாதிரி வந்தது. தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு தெளிவு எப்படி வந்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. சுற்று வட்டாரத்தில் எரிகிற பல்பு ஒன்றுகூட இல்லை, சார்ஜர் இல்லை, டிவி இல்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள் என்று முதல் கேள்வியில் சொன்னேனே, அதை ஒரு ஜில்லாவுக்கே செய்து காட்டிய மாதிரி. கரண்ட் வந்த அன்று ராத்திரி எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், 936-இல் மறுபடி கரகரப்பு ஆரம்பித்தது.

சிக்னல் ரொம்பப் பலவீனம், வீட்டில் இரைச்சலும் இல்லை. வேறு வழி உண்டா?

லூப் கட்டலாம், அதாவது சட்டத்தில் கம்பி சுற்றிச் செய்கிற ஒரு வெளி ஏரியல். இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம், அதைச் சுற்றி இன்சுலேஷன் போட்ட கம்பி பதினொன்று, பன்னிரண்டு சுற்று. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற கேங் ஒன்றைக் கழற்றி, கம்பியின் இரண்டு முனைகளையும் அதில் பற்ற வையுங்கள். பழைய ரிப்பேர் கடைகளில் கேட்டால் டப்பாவுக்குள் தேடி எடுத்துத் தருவார்கள். வேறு எதுவும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். செட்டை லூப் பக்கத்தில் வைத்து, ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டு, கேங்கை மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் குரல் திடீரென்று எழும்பும், முதல் தடவை கேட்கிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். செட்டுக்கும் லூப்புக்கும் நடுவே கம்பி இணைப்பே இல்லை என்பதால் இன்னும் ஆச்சரியம்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஐந்தாறு மீட்டர் இன்சுலேஷன் கம்பியின் ஒரு முனையைச் செட்டைச் சுற்றி, ஃபெரைட் குச்சியின் முனை இருக்கும் பக்கமாக, நாலு சுற்று சுற்றி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். கரண்ட் லைன் பக்கம் போகவே கூடாது. இடி மின்னல் என்றால் உடனே கழற்றிவிட வேண்டும்.

எந்த செட் வாங்கலாம்?

பெட்டியில் எம்டபிள்யூ அல்லது ஏஎம் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பென்டிரைவ் போடுகிற புளூடூத் ஸ்பீக்கர்களில் எஃப்எம் மட்டும்தான் இருக்கும், கடைக்காரர் "ரேடியோ இருக்கு சார்" என்பார், அவர் சொல்வது பொய்யும் இல்லை. உள்ளங்கை செட்டில் குச்சியும் குட்டையாக இருக்கும், அதனால் கொஞ்சம் நீளமான பெட்டியாகப் பாருங்கள். செல்லில் ஓடுகிறதா என்று பாருங்கள், யுஎஸ்பி சார்ஜ் மட்டும் என்றால் சார்ஜ் ஏறும்போது ரேடியோ கேட்க முடியாது. கடைக்குள் போட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், அங்கே ஐம்பது பல்பு எரிகிறது. வாசலுக்கு எடுத்து வந்து கேளுங்கள்.

பிபிசி தமிழோசைக்காக ஷார்ட் வேவ் வேண்டும் என்று இன்னமும் கேட்கிறார்கள். 1941-இல் தொடங்கிய அந்த ரேடியோ ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றுவிட்டது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று, ஒலிபரப்பில்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

நிலையத்துக்கே எழுதுங்கள், பொறியியல் பிரிவு என்று குறிப்பிட்டு. 'சரியாகக் கேட்கவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஊர், எந்த எண், என்ன தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, குரல் கம்மியா, இரைச்சலா, அடியில் ஊ என்று ஹம் சத்தமா, அதே நேரத்தில் பக்கத்து ஸ்டேஷன் சரியாக இருந்ததா, இவ்வளவையும் எழுதுங்கள். மொபைலில் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. எழுதுவதற்கு முன் மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.